கண்ணாடிக்கு ஏது நிறம்?

கனடாவின் வான்கூவர் நகரத்தில், பர்ரார்ட் தெருவில், 'ஒன் வால் சென்டர்' என்றொரு கட்டடம் இருக்கிறது. 48 மாடி, 150 மீட்டர் உயரம். கீழ்ப்பகுதி ஓட்டல், மேல்பகுதி குடியிருப்பு. 2001-இல் கட்டி முடித்தபோது வான்கூவரில் அதைவிட உயரமான கட்டடம் கிடையாது. ஆனால் ஊர் பேசியது அதன் உயரத்தைப் பற்றி அல்ல. தரையிலிருந்து சுமார் முப்பதாவது மாடி வரை கறுத்த கண்ணாடி, அதற்கு மேல் உச்சி வரை வெளிர் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே துல்லியமான ஒரு கோடு. புதிதாகப் பார்க்கிறவர்கள் அதைக் கட்டடக் கலைஞரின் கற்பனை என்றே நினைத்தார்கள். உண்மையில் அந்தக் கோடு ஒரு தகராறில் பிறந்த சமரசம்.

வடிவமைத்தவர் பீட்டர் பஸ்பி. கட்டுகிறவர்கள் விரும்பியது கறுத்த கண்ணாடி. நகர நிர்வாகமோ, தான் ஒப்புக்கொண்டது வெளிர் கண்ணாடிக்குத்தான் என்றது. வான்கூவர் இந்த விஷயத்தில் பிடிவாதமான ஊர். எந்தெந்த இடத்தில் நின்று பார்த்தால் வடக்கே உள்ள மலைகள் தெரிய வேண்டும் என்று 1989-இலேயே விதி வகுத்து, அந்தப் பார்வைப் பாதைகளைக் கட்டடங்கள் மறைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரின் நடுவே கறுப்பாக ஒரு கோபுரம் எழுவதை நிர்வாகம் ஏற்கவில்லை. அதற்குள் பாதிக் கட்டடத்துக்கு மேல் கண்ணாடி ஏறிவிட்டது. கடைசியில், ஏறியது ஏறியதாக இருக்கட்டும், இனிமேல் ஏறுவது வெளிறியதாக இருக்கட்டும் என்று முடிந்தது.

வெறும் கண்ணாடி நிறத்துக்காக ஒரு நகர நிர்வாகம் மல்லுக்கு நிற்க வேண்டுமா என்று தோன்றலாம். நிற்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. சுவருக்கு அடிக்கும் வண்ணம் பிடிக்கவில்லை என்றால் ஐந்தாறு வருடத்தில் மாற்றி அடித்துவிடலாம். கண்ணாடிக் கோபுரத்தின் நிறம் அப்படிப்பட்டதல்ல. உள்ளே குடியிருப்பவருக்கு எவ்வளவு வெயில் சேரும், எவ்வளவு வெளிச்சம் சேரும், எதிர்வீட்டுக்காரர் மேல் எவ்வளவு வெயில் திரும்பும் என்பதெல்லாம் அந்த நிறத்தோடு பிணைந்தவை.

முதலில் கண்ணாடிக்கு நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கண்ணாடிக் கடையில் சாய்த்து வைத்திருக்கும் பெரிய பலகை ஒன்றை நேராகப் பார்த்தால் நிறமே தெரியாது. அதன் வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் நல்ல கரும்பச்சை. நேராகப் பார்க்கும்போது ஒளி கடப்பது ஐந்தாறு மில்லிமீட்டர்தான். ஓரத்தின் வழியாகப் பார்க்கும்போது அதே கண்ணாடிக்குள் அடிக்கணக்கில் பயணம் செய்கிறது. அந்த நீண்ட வழியில்தான் கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பு தன்னைக் காட்டிக்கொள்கிறது.

ஜன்னல் கண்ணாடியில் 70 சதவீதத்துக்கு மேல் மணலின் சாரமான சிலிக்கா. மற்றவை பெரும்பாலும் சோடாவும் சுண்ணாம்பும். மணல் என்றால் அதில் இரும்பும் ஒட்டிக்கொண்டுதான் வரும். சாதாரணக் கண்ணாடியில் இரும்பு ஆக்சைடு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். அது இரண்டு நிலைகளில் இருக்கிறது. ஒரு நிலையில் உள்ள இரும்பு அகச்சிவப்புக் கதிரையும் சிவப்பு ஒளியின் ஓரத்தையும் விழுங்குகிறது. மற்றொரு நிலையில் உள்ளது ஊதா ஒளியையும் புற ஊதாக் கதிரையும் விழுங்குகிறது. இரண்டு ஓரமும் தேய்ந்த பின் நடுவே மிஞ்சுவது பச்சை. இரும்பின் அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், நகைக்கடை ஷோகேஸில் காணும் பளிங்குபோன்ற கண்ணாடி கிடைக்கும். விலையும் கூடும். இரும்பை வேண்டுமென்றே கூட்டினால் அழுத்தமான பச்சை. கோபால்ட் சேர்த்தால் நீலம். இரும்பு, கோபால்ட், செலினியம் மூன்றையும் அளவு பார்த்துச் சேர்த்தால் சாம்பல் நிறமும் வெண்கல நிறமும்.

அப்படியானால் ஊருக்கு ஒரு நிறத்தில் கண்ணாடி வார்க்கலாமே? முடியாததற்குக் காரணம் அது தயாராகும் முறை. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனத்தில் அலஸ்டர் பில்கிங்டன் உருவாக்கி, 1959-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட 'ஃப்ளோட்' முறைதான் இன்றைக்கும் எல்லா இடத்திலும். ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் கண்ணாடிக் குழம்பை, உருகிய வெள்ளீயக் குளத்தின் மேல் மிதக்க விடுகிறார்கள். அது தானாகப் பரவி, இருபுறமும் வழவழப்பாகி, சுமார் 600 டிகிரியில் நாடாவாக வெளியே வருகிறது. உலையை ஒருமுறை மூட்டினால் இரவு பகலாகப் பல ஆண்டுகள் அணைக்க மாட்டார்கள். நூற்றுக்கணக்கான டன் குழம்பு உள்ளே கிடக்கும்போது, பச்சையிலிருந்து சாம்பலுக்கு மாற வேண்டும் என்றால் பழைய நிறம் முழுக்கக் கழுவிப்போக நாட்கணக்கில் ஆகும். இடைப்பட்ட நாட்களில் வெளிவருவது இதுவும் இல்லை, அதுவும் இல்லை. உடைத்து மறுபடி உலையில் போட வேண்டியதுதான். அதனால்தான் உலகம் முழுக்கக் கண்ணாடியின் அடிநிறங்கள் நான்கைந்துக்குள் அடங்கிவிட்டன. டொரொன்டோவிலும் துபாயிலும் ஷாங்காயிலும் கோபுரங்கள் உடன்பிறந்தவை போலத் தெரிவதில் இந்த உலையின் பங்கு பெரிது.

வருத்தம் என்னவென்றால், கண்ணாடிக் கட்டடம் என்ற கனவு தொடங்கியபோது அது வண்ணக் கனவு. 1914-இல் ஜெர்மனியில் பால் ஷேர்பார்ட் என்ற எழுத்தாளர் கண்ணாடிக் கட்டடக்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் கேட்டது நிறமற்ற கண்ணாடி அல்ல, வண்ணக் கண்ணாடி. அதே ஆண்டு கொலோன் நகரக் கண்காட்சியில் புரூனோ டவுட் பலநிறக் கண்ணாடியால் ஒரு மண்டபத்தையே எழுப்பிக் காட்டினார். அதற்கு ஏழெட்டு வருடம் கழித்து பெர்லினில் மீஸ் வான் டெர் ரோ என்ற இளம் கட்டடக் கலைஞர் கண்ணாடியாலான உயர்ந்த கோபுரங்களைக் காகிதத்திலும் மாதிரி உருவிலும் செய்து பார்த்தார். மாதிரியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோது அவருக்கு ஒன்று புலப்பட்டது. கல் கட்டடத்துக்கு ஒளியும் நிழலும் எப்படியோ, கண்ணாடிக் கட்டடத்துக்குப் பிரதிபலிப்பு அப்படி.

மீஸ் பின்னால் அமெரிக்காவுக்குப் போனார். 1951-இல் சிகாகோ ஏரிக்கரையில், லேக் ஷோர் டிரைவ் 860, 880 என்ற எண்களில், தலா 26 மாடியாக இரண்டு குடியிருப்புக் கோபுரங்களைக் கட்டினார். கறுப்பு எஃகுச் சட்டம், நடுவே தரையிலிருந்து கூரை வரை தெளிந்த கண்ணாடி. இன்றைய கண்ணாடி அடுக்ககங்கள் எல்லாவற்றுக்கும் பாட்டன் அவை. வெளியிலிருந்து கண்டபடி நிறம் தெரியக் கூடாது என்பதற்காக எல்லா வீட்டு ஜன்னலுக்கும் ஒரே சாயலில் திரை. அழகில் குறையில்லை. ஆனால் மையக் குளிரூட்டல் இல்லாமல் கட்டியிருந்தார்கள். கோடையில் உள்ளே இருந்தவர்கள் வெந்துபோனார்கள். நிறமற்ற கண்ணாடி, விழும் வெயிலின் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். இந்தச் சூட்டின் பாடத்தில்தான் மீஸ் பக்கத்திலேயே 1956-இல் எழுப்பிய அடுத்த ஜோடிக் கோபுரங்களில் சாயமேற்றிய கண்ணாடி வந்தது. 1968-இல் அவருடைய மாணவர்கள் ஜான் ஹைன்ரிக்கும் ஜார்ஜ் ஷிப்போரைட்டும் அதே ஏரிக்கரையில் 70 மாடியில் 'லேக் பாயின்ட் டவர்' கட்டினார்கள். மூன்று இதழாக வளைந்த முழு வெண்கல நிறக் கட்டடம். ஆசிரியர் 1922-இல் மாதிரியாகச் செய்து பார்த்த வளைந்த கோபுரத்தின் பேரன் என்று அதைச் சொல்லலாம். நிறமும் வடிவமும் இவ்வளவு ஒத்துப்போன வேறொரு குடியிருப்புக் கோபுரத்தை நான் அறியேன்.

ஆனால் சாயக் கண்ணாடிக்கு ஒரு அடிப்படைக் குறை உண்டு. அது வெயிலைத் தடுப்பதில்லை, விழுங்குகிறது. விழுங்கிய வெயிலால் கண்ணாடியே சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை வீட்டுக்குள் வீசும். 6 மில்லிமீட்டர் சாம்பல் கண்ணாடி வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். வெப்பத்தையோ 60 சதவீதம் வரை உள்ளே விடும். வெளிச்சம் போகிறது, வெக்கை வருகிறது. பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு, ஏசியையும் ஓடவிட வேண்டிய நிலை. போதாததற்கு, வெயில் படும் பகுதி விரிந்து, சட்டத்துக்குள் நிழலில் இருக்கும் ஓரம் விரியாமல் நிற்க, கண்ணாடி விரிசல் விடும். அதனால் அடர்ந்த சாயக் கண்ணாடியைச் சூடேற்றிப் பதப்படுத்தாமல் கோபுரத்தில் ஏற்றுவதில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது வெள்ளி. நாம் காணும் ஒளி, சூரியன் அனுப்பும் ஆற்றலில் பாதியைவிடக் குறைவு. பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. ஒளியை விட்டுவிட்டு இதை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பினால்? வெற்றிட அறைக்குள் கண்ணாடியை வைத்து, அதன் மேல் 10 முதல் 15 நானோமீட்டர் கனத்தில் வெள்ளியைப் படிய வைக்கிறார்கள். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சதுர மீட்டர் கண்ணாடிக்கு ஆகும் வெள்ளி ஏறக்குறைய ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் ஒளி அதை ஊடுருவிவிடும். அகச்சிவப்புக் கதிரோ பெரும்பாலும் திரும்பிவிடும். 'லோ-ஈ' கண்ணாடி என்று கடையில் சொல்வது இதைத்தான். வெள்ளி காற்றுப்பட்டால் கறுத்துவிடும் என்பதால், இரண்டு கண்ணாடிகளை இடைவெளி விட்டுச் சேர்த்து மூடி, பூச்சு உட்பக்கம் இருக்கும்படி வைக்கிறார்கள். இப்போது மூன்று அடுக்கு வெள்ளி பூசிய இரட்டைக் கண்ணாடி வருகிறது. வெளிச்சத்தில் 60 சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டு, வெயிலின் மொத்த வெப்பத்தில் கால் பங்கைச் சற்றே தாண்டிய அளவை மட்டும் உள்ளே விடும். ஐம்பது வருடம் முன்பு எந்தச் சாயத்தாலும் நடக்காத காரியம் இது.

வெள்ளியை அப்படியே விட்டால் அது மங்கிய ஆடியாகத்தான் இருக்கும். அதற்கு மேலும் கீழும் துத்தநாக ஆக்சைடு, சிலிக்கான் நைட்ரைடு போன்றவற்றை மெல்லிய படலங்களாகப் பூசி, வேண்டாத பிரதிபலிப்பை அடக்குகிறார்கள். ஒவ்வொரு படலத்தின் முன்முகத்திலும் பின்முகத்திலும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சில நிறங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில அழித்துக்கொள்ளும். மழை பெய்த சாலையில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுவதும் இதே கணக்கில்தான். படலத்தின் கனத்தைச் சில நானோமீட்டர் கூட்டிக் குறைத்தால் கோபுரத்தின் முகம் நீலத்திலிருந்து பச்சைக்கோ வெள்ளிச் சாம்பலுக்கோ மாறிவிடும். ஆக, இன்றைய கோபுரங்களில் நாம் காணும் நிறத்தில் பெரும்பகுதி சாயமே இல்லை. கனத்தில் இருக்கிறது.

இதில் ஒரு வம்பும் உண்டு. சாய்வாகப் பார்த்தால் ஒளி படலத்துக்குள் கடக்கும் கணக்கு மாறுகிறது, நிறமும் மாறுகிறது. எதிரே நின்று பார்க்கும்போது அமைதியான சாம்பலாக இருந்த கட்டடம், அதன் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஊதா கலந்த சிவப்புச் சாயல் காட்டும். நல்ல தயாரிப்பாளர்கள் எல்லாக் கோணத்துக்கும் கணக்குப் போட்டே பூசுகிறார்கள். மலிவுப் பூச்சை அண்ணாந்து பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

இத்தனைக்கும் மேலே, பகலில் கோபுரத்துக்கு நிறம் கொடுப்பதில் பெரும்பங்கு வானத்துடையது. வெளியே வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம். வீட்டுக்குள் சில நூறு லக்ஸ். தெளிந்த கண்ணாடி ஒன்றேயானாலும் தன் மேல் விழுவதில் 8 சதவீதத்தைத் திருப்பும். இரட்டைக் கண்ணாடி 15 சதவீதம். நூறு மடங்கு பிரகாசமான வெளி உலகின் 15 சதவீதம், மங்கிய அறையின் முழு வெளிச்சத்தையும் மூழ்கடித்துவிடும். அதனால்தான் தெளிந்த கண்ணாடி ஜன்னல் பகலில் வெளியிலிருந்து கறுப்பாகத் தெரிகிறது, நீலவானம் எதிரே இருந்தால் நீலமாகத் தெரிகிறது. இருட்டியதும் கணக்கு தலைகீழ். விளக்குப் போட்ட ஒவ்வொரு வீடும் தன் சொந்த நிறத்தைக் காட்டத் தொடங்கும். மீஸ் திரைச்சீலைக்கு விதி போட்டது இதனால்தான்.

நீலவானத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தின் ஒளி பெருமளவு ஒரே தளத்தில் அதிரும் ஒளி. சூடேற்றிப் பதப்படுத்திய 'டஃபன்ட்' கண்ணாடியைத் தயாரிக்கும்போது, சூடான பலகையின் மேல் வரிசை வரிசையான துளைகளிலிருந்து குளிர்காற்றை அடித்து ஆற்றுகிறார்கள். காற்று பட்ட இடத்தில் ஒரு இறுக்கம், படாத இடத்தில் ஒரு இறுக்கம். அந்த வேறுபாடு சாதாரண ஒளியில் தெரியாது. வானத்தின் அந்த ஒளியில் மட்டும் பலகை முழுக்கச் சாம்பல் புள்ளிகளாக எழும்பும். காலையில் ஒரு பக்கத்தில் தெரிந்தது மாலையில் காணாமல் போகும். குடிவந்த பலர் இதைக் கறை என்று நினைத்துத் துடைக்கச் சொல்லிப் புகார் கொடுக்கிறார்கள். அது துடைத்துப் போகாது, கெடுதலும் இல்லை.

இனி வடிவத்துக்கும் பலநிறத்துக்கும் வருகிறேன். கண்ணாடிக் கோபுரத்தில் எல்லாக் கண்ணாடியும் ஜன்னல் அல்ல. மாடிக்கு மாடி ஸ்லாபின் விளிம்பையும் குழாய்களையும் மறைக்க, பின்பக்கம் பீங்கான் சாயம் சுட்டு ஒட்டிய கண்ணாடிப் பலகைகளை வைக்கிறார்கள். 'ஸ்பாண்ட்ரல்' என்று அதற்குப் பெயர். அதை எந்த நிறத்திலும் செய்துகொள்ளலாம், உலையை மாற்ற வேண்டியதில்லை. ஆகவே பல பில்டர்கள் எலிவேஷனில் வித்தியாசம் காட்ட நினைத்தால் இதைத்தான் பிடிக்கிறார்கள். இங்கே ஒரு சிவப்புப் பலகை, அங்கே ஒரு மஞ்சள். இதில் நன்றாக வந்தது நியூயார்க்கில் பெர்னார்ட் ஷுமி 2007-இல் கட்டிய 'ப்ளூ' என்ற குடியிருப்பு. பல சாயல் நீலப் பலகைகளை ஜன்னல்களோடு கலந்து, எது ஜன்னல், எது சுவர் என்று பிரிக்க முடியாதபடி இழைத்திருக்கிறார். மற்றபடி பெரும்பாலும் மேகமூட்ட நாளில் இந்தப் பலகைகளின் குட்டு வெளிப்பட்டுவிடும். வெயில் நாளில் பிரதிபலிப்பு எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் காட்டும். வானம் வெளுத்திருக்கும்போது ஜன்னலுக்குப் பின்னால் ஆழம் தெரியும், பலகைக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்பதும் தெரியும்.

நிறத்தைத் தொடாமலே பலநிறம் காட்டியவர் ழான் நூவெல். நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றோரம் '100 லெவன்த் அவென்யூ' என்ற அவருடைய 23 மாடிக் கட்டடத்தின் வளைந்த முகப்பில் சுமார் 1,650 கண்ணாடிகள். அளவு வேறு வேறு. ஒவ்வொன்றும் சற்றே வேறு கோணத்தில் சாய்ந்திருக்கிறது. ஒன்று ஆற்றைக் காட்டினால் பக்கத்தில் இருப்பது மேகத்தைக் காட்டும், அதற்கடுத்தது எதிர்க்கட்டடத்தின் செங்கலைக் காட்டும். மீஸ் மாதிரி உருவில் கண்ட உண்மையை இவ்வளவு முழுமையாகப் பயன்படுத்தியவர் வேறு யாரும் இல்லை.

என் மனதுக்கு மிக நெருக்கமானவை சிகாகோவில் ஜீன் கேங் கட்டிய இரண்டு. 2009-இல் முடிந்த 'அக்வா' 82 மாடி. உள்ளே பார்த்தால் நேரான சாதாரணக் கண்ணாடிக் கட்டடம்தான். ஆனால் ஒவ்வொரு மாடியின் கான்கிரீட் ஸ்லாபும் வெவ்வேறு வளைவில், சில இடங்களில் 12 அடி வரை வெளியே நீள்கிறது. சேர்த்துப் பார்த்தால் முகப்பில் அலை ஓடுகிறது. அந்த நீட்டல்கள் பால்கனியாகின்றன, கீழ் வீட்டுக்கு நிழல் தருகின்றன, காற்றின் வேகத்தைச் சிதறடிக்கின்றன. நிழல் இல்லாத இடங்களில் வேறு வகைக் கண்ணாடி. 2020-இல் முடிந்த 'செயின்ட் ரீஜிஸ்' 101 மாடி, 365 மீட்டர். பெண் ஒருவர் வடிவமைத்ததில் உலகிலேயே உயரமான கட்டடம். பன்னிரண்டு மாடிக்கு ஒருமுறை கட்டடம் விரிந்து குறுகுகிறது, மறுபடி விரிகிறது. மாடி அகலமாகும்போதும் குறுகும்போதும் வெயிலின் கணக்கு மாறுவதால், அதற்கேற்பக் கண்ணாடியின் நீலப்பச்சைச் சாயலையும் படிப்படியாக மாற்றியிருக்கிறார்கள். தெருவில் நின்று பார்ப்பவருக்கு அது ஏரியின் நிறம் மேலே ஏறுவதாகத் தெரியும். அந்த நிறமாற்றத்துக்குள் வெப்பக் கணக்கு இருக்கிறது. நான் மதிக்கும் வண்ணவேறுபாடு இதுதான். காரணத்தோடு வந்த நிறம்.

அக்வாவைப் புகழ்ந்த கையோடு அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். வெளியே நீளும் அந்த ஸ்லாபுகள் உள்ளே இருக்கும் தரையின் தொடர்ச்சியே. இடையில் வெப்பத்தடுப்பு இல்லை. சிகாகோ குளிர்காலத்தில் வீட்டுச் சூடு கான்கிரீட் வழியாகவே வெளியேறுகிறது. டொரொன்டோவின் ஏராளமான கோபுரங்களிலும் இதே கதை. அங்கே செலவைக் குறைக்க, ஸ்லாபுக்கும் ஸ்லாபுக்கும் நடுவே கண்ணாடியைச் செருகிவிடுவார்கள், ஸ்லாபின் விளிம்பு பனியில் திறந்தே கிடக்கும். எவ்வளவு நல்ல இரட்டைக் கண்ணாடியானாலும் முறையாக வெப்பத்தடுப்பு வைத்த சுவரைவிட நாலைந்து மடங்கு சூட்டைக் கடத்தும். பூச்சு எவ்வளவு முன்னேறினாலும் இந்த இடைவெளி மூடவில்லை. ஆகவே முகப்பு முழுக்கக் கண்ணாடி என்பதே பல குளிர்நாடுகளில் இப்போது கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது.

கண்ணாடி திருப்பி அனுப்பும் வெயில் எங்கே போகிறது? டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரத்தில் நாஷர் சிற்ப மையம் இருக்கிறது. 2003-இல் ரென்சோ பியானோ கட்டியது. அதன் கண்ணாடிக் கூரைக்கு மேல் அலுமினியத்தில் வார்த்த சின்னச் சின்ன மூடிகள் உண்டு. வடக்கிலிருந்து வரும் மென்மையான ஒளியை மட்டும் உள்ளே விட்டு, தெற்கு வெயிலை முழுக்கத் தடுக்கும்படி ஒவ்வொன்றும் திருப்பி வைக்கப்பட்டது. பத்து வருடம் கழித்து வடக்குப் பக்கத்திலேயே 'மியூசியம் டவர்' என்று 42 மாடிக் குடியிருப்பு எழுந்தது. அதிகம் பிரதிபலிக்கும் கண்ணாடி. விளைவு, வெயில் இப்போது வடக்கிலிருந்து வந்தது. எந்தத் திசைக்குத் திறந்து வைத்திருந்தார்களோ அந்தத் திசையிலிருந்தே கூரைக்குள் புகுந்து சிற்பங்களின் மேலும் ஓவியங்களின் மேலும் விழுந்தது. தோட்டத்துச் செடிகளும் வாடின. இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் வாதாடின. அந்தக் கோபுரவாசிகளுக்கு அறை குளிர்ந்தது உண்மை. அந்தச் சூட்டை அண்டை வீட்டுக்காரர் சுமந்தார்.

பறவைகள் சுமப்பது இதைவிடக் கொடியது. கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜமரம் என்று நம்பி மோதிச் சாகின்றன. அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடியிலிருந்து 98.8 கோடி வரை பறவைகள் இறப்பதாக 2014-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. டொரொன்டோ நகரம் 2010 முதல் புதிய கோபுரங்களின் கீழ்மாடிக் கண்ணாடிகளில் பறவைகளின் கண்ணுக்குப் படும் புள்ளிகள் பதிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நெருக்கமாகப் பதித்த புள்ளிகளைச் சில அடி தள்ளி நின்றால் மனிதக் கண் பொருட்படுத்தாது, பறவை விலகிவிடும். முகப்பின் அழகு கெட்டுவிடும் என்பவர்களுக்கு டொரொன்டோவுக்குப் போய்ப் பார்த்து வாருங்கள் என்பதே பதில்.

இன்னொன்றையும் யாரும் பிரோஷரில் அச்சிடுவதில்லை. இரட்டைக் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் அடைப்பு இருபது, இருபத்தைந்து வருடத்தில் தளர்ந்துவிடும். ஈரம் உள்ளே புகுந்து பனி படியும், வெள்ளியும் அரிக்கும். அப்போது ஒரு பலகையை மாற்றப் போனால், அன்றைக்கு வாங்கிய அதே பூச்சு இன்று தயாரிப்பில் இருக்காது. நெருங்கிய சாயல் ஒன்றை மாட்டினால் கட்டடத்தின் முகத்தில் ஒட்டுப்போட்டதாகத் தெரியும். ஒன் வால் சென்டரின் மேல்மாடி வெளிர் கண்ணாடிகள் பழுதாகி, கட்டி முடித்துப் பத்து வருடத்துக்குச் சற்று மேல் ஆனபோது மொத்தமாகக் கழற்றி மாற்ற வேண்டி வந்தது. இந்த முறை மாட்டியது கறுத்த கண்ணாடி.

நம் பக்கம் இதெல்லாம் தூரத்துக் கதை அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் தொழிற்சாலை 2000-இலிருந்து ஃப்ளோட் கண்ணாடி வார்க்கிறது. சென்னையில் அடுக்ககங்கள் உயர உயர, வான்கூவர், டொரொன்டோ எலிவேஷன்களின் சாயல் பிரோஷர்களில் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் வான்கூவர் இருப்பது 49-ஆவது அட்சத்தில், சென்னை இருப்பது 13-இல். அங்கே வெயிலை உள்ளே இழுக்க வேண்டிய மாதங்கள் பல. இங்கே அப்படி ஒரு மாதமும் இல்லை. உச்சிவெயில் நமக்குத் தலைக்கு மேல் நிற்பதால் தெற்குச் சுவரை ஒரு சிறு சன்ஷேடே காப்பாற்றிவிடும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் கிழக்கு, மேற்கு வெயிலுக்குச் சன்ஷேடு போதாது. அந்த இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைத்த பிளாட்டில், எந்த நிறக் கண்ணாடியானாலும், ஏசி ஓயாது. வீடுகளின் வெளிச்சுவர், ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்கு மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட குடியிருப்பு எரிசக்தி விதித்தொகுப்பு சதுர மீட்டருக்கு 15 வாட் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. பில்டரிடம் அதைக் கேட்டு வாங்குபவர்கள் இன்னும் குறைவு.

கண்ணாடி அடுக்ககத்தில் பிளாட் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். மாதிரிக் கண்ணாடித் துண்டை ஏசி அறையில் வைத்துப் பார்க்காதீர்கள். வெளியே எடுத்துப்போய், வெயிலில் ஒருமுறை, மேகமூட்டத்தில் ஒருமுறை, நேராகவும் சாய்த்தும் பாருங்கள். பின்னால் கறுப்புத் துணி வைத்துப் பார்த்தால் கட்டடத்தில் ஏறிய பின் தெரியப்போகும் நிறம் அநேகமாக அதுதான். அதன் பிறகு இரண்டு எண்களைக் கேளுங்கள். வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் உள்ளே வரும், வெயிலின் வெப்பத்தில் எத்தனை சதவீதம் உள்ளே வரும் என்பவை அவை. முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது எண் சிறிதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் தயாரிப்பாளரின் அட்டவணையில் அச்சாகி இருக்கும், பில்டரால் தெரியாது என்று சொல்ல முடியாது. எழுத்தில் வாங்கிக்கொண்டு அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.